ரத்தம் வரும் ஈறு, ரத்தம் வராத ஈறு

(கொல்கத்தாவில் ஒரு தமிழ் மாலை வகுப்பில், எழுதப் படிக்கக் கற்று முடித்தவர்களிடம் தொண்டர் ஒருவர் பேசிய பேச்சு.)



அம்மா, அக்கா, அண்ணன், மாமா எல்லோரும் வந்திருக்கிறீர்கள். இன்று எழுத்துப் பாடம் இல்லை. நோட்டை மூடி வையுங்கள். இன்று நம் வாயைப் பற்றிப் பேசுவோம்.

போன வாரம் 'ஈ' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்டேன். ஈட்டி என்றார் ஒருவர். ஈசல் என்றார் இன்னொருவர். பின்வரிசையில் இருந்த அக்கா 'ஈறு' என்றார். உடனே ஓர் அம்மா, "என் ஈறு தினமும் ரத்தம் கக்குது கண்ணு" என்றார். பக்கத்தில் இருந்த மாமா சிரித்தார். "எனக்கு ஒரு சொட்டு வந்ததில்லை. என் ஈறு இரும்பு" என்றார்.

அந்த இரண்டு பேச்சும் என் மனதில் நின்றுவிட்டன. ஏன் தெரியுமா? இதே பேச்சை எங்கள் வீட்டிலேயே நான் கேட்டிருக்கிறேன். ஒன்று என் சித்தி பேசியது. மற்றது என் சித்தப்பா பேசியது.

எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். அப்பாவும் சித்தப்பாவும் சமையல் வேலைக்காகக் கல்கத்தா வந்தவர்கள். இப்போது ஊரின் பெயர் கொல்கத்தா. சித்தப்பா வாயில் மட்டும் இன்னும் கல்கத்தாதான்.

சித்தி முழுகாமல் இருந்தார். மூன்றாம் மாதம். காலையில் பல் துலக்கினால் எச்சிலில் ரத்தம் வந்தது. தலையணையிலும் சிவப்புக் கறை இருந்தது. சித்தி பயந்துபோய் அப்பாயியிடம் சொன்னார்.

"பிள்ளைத்தாச்சி வாயில பிரஷ்ஷை விட்டு இடிக்காதே. வெறும் தண்ணி விட்டுக் கொப்பளி, போதும். வயித்துல பிள்ளை வந்தா பல்லு ஆடத்தான் செய்யும்" என்றார் அப்பாயி.

அப்பாயி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அவர் மாமியார் அப்படித்தான் சொன்னாராம். சித்தியும் பிரஷ்ஷை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டார். நான்கு மாதம் வெறும் தண்ணீர்தான்.

ஏழாம் மாதத்தில் முன் பல் இரண்டுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு கட்டி வந்தது. இலந்தைப்பழம் அளவு இருக்கும். தொட்டால் ரத்தம். வீட்டில் எல்லோரும் புற்றுநோய் என்று நினைத்தார்கள். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. சித்தி இரவில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுவார்.

சித்தப்பா என்ன சொன்னார்? "பொம்பளைங்க உடம்பே அப்படித்தான். என்னைப் பார். நாளுக்கு ஒரு கட்டு பீடி குடிக்கிறேன். ஈத்துல ரத்தம் வந்திருக்கா?"

சித்தியை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். துணைக்குச் சித்தப்பாவும் வந்தார். மௌலாலி பக்கம், ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போஸ் ரோட்டில், அரசுப் பல் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று பெயர். அங்கே ஒரு பெண் டாக்டர் பார்த்தார்.

"இது புற்றுநோய் இல்லை. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வரும் கட்டி. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிவிடும். ஆனால் பல்லில் அழுக்கு நிறைய சேர்ந்திருக்கிறது. துலக்குவதை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். சித்தி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நானும் அந்த வீட்டில்தானே இருந்தேன்!

டாக்டர் பல்லைச் சுத்தம் செய்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "வந்தது வந்தீர்கள், நீங்களும் உட்காருங்கள்" என்றார்.

"எனக்கு ஒன்றுமில்லை" என்றார் சித்தப்பா. ஆனாலும் உட்கார்ந்தார்.

டாக்டர் கையில் மெல்லிய கம்பி ஒன்று இருந்தது. அதில் அளவுக் கோடுகள் உண்டு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக விட்டுப் பார்ப்பார்கள். நல்ல ஈறு என்றால் கம்பி 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். சித்தப்பாவுக்கு 7 மில்லிமீட்டர் வரை இறங்கியது. கீழ்வரிசை முன் பற்கள் விரலால் தொட்டால் அசைந்தன. ரத்தமோ, கொஞ்சம்தான் வந்தது.

டாக்டர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "உங்கள் மனைவிக்கு இருப்பதைத் திருப்பிவிடலாம். உங்களுக்கு இருப்பதை நிறுத்தத்தான் முடியும். போன எலும்பு போனதுதான்."

அப்போது சித்தப்பாவுக்கு வயது 41.

அன்று டாக்டர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

ஒரு கம்பம் நடுகிறோம். மண் கெட்டியாக இருந்தால் கம்பம் நிற்கும். மண் அரித்துப்போனால் சாயும். பல்லும் அப்படித்தான். தாடை எலும்புதான் மண். அந்த எலும்பை மூடிக் காப்பது ஈறு.

பல்லில் வழவழப்பாக, மஞ்சளாக ஒன்று படிகிறது அல்லவா? நகத்தால் சுரண்டினால் வரும். அது வெறும் சோற்றுத் துகள் இல்லை. முழுக்கக் கிருமிகள். துலக்காமல் விட்டால் சில நாளில் அது கல்லாக இறுகும். அதைத்தான் காரை என்கிறோம். காரையின் மேல் மேலும் கிருமி சேரும். ஈறு சிவந்து வீங்கும். இது முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும்.

கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இரண்டாம் கட்டம் வரும். ஈறு பல்லை விட்டு விலகும். பை போல இடைவெளி விழும். அடியில் எலும்பு கரையும். எல்லாம் வலி இல்லாமலே நடக்கும். வலித்தால் நாம் ஓடுவோம். வலிக்காததால் உட்கார்ந்திருக்கிறோம்.

கிருமிதான் காரணம் என்பதை ஒருவர் எளிய வழியில் காட்டினார். அவர் பெயர் ஹரால்ட் லோ. நார்வே நாட்டுக்காரர். 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 3 வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு சரியானது. இந்த ஆய்வு 1965-ல் வெளிவந்தது. இப்போது சித்தியின் கதையை நினைத்துப் பாருங்கள். அவர் நான்கு மாதம் துலக்கவில்லை!

இதே லோ பிறகு நம் தமிழர்களைத் தேடி வந்தார். இலங்கையில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்கள் 480 பேரின் வாயை அவரும் அவரோடு இருந்தவர்களும் பார்த்தார்கள். 1970 முதல் 1985 வரை, 15 ஆண்டு, திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குப் பிரஷ் பழக்கம் இல்லை. பல் டாக்டரிடம் போனதும் இல்லை.

என்ன தெரிந்தது? 100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 45 வயதில் அவர்கள் பல் எல்லாவற்றையும் இழந்திருந்தார்கள். 81 பேருக்கு மெதுவாக நடந்தது. 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரே தோட்டம், ஒரே சாப்பாடு, ஆனால் எல்லோர் உடம்பும் ஒன்றுபோல இல்லை. உலகம் முழுவதும் பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இந்தக் கணக்கை இன்றும் படிக்கிறார்கள். இலங்கையில் ஈறை 'முரசு' என்பார்கள். அவர்கள் முரசைப் பார்த்துத்தான் உலகம் இந்த நோயின் போக்கைக் கற்றது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அந்த 480 பேரும் ஆண்கள். அதே மலையில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய பெண்களின் வாயை அந்த ஆய்வில் பார்க்கவில்லை.

பெண்களின் ஈறு வேறு மாதிரியா? ஈறு ஒன்றுதான். ஆனால் பெண்ணின் உடம்பில் சில காலங்களில் ஹார்மோன் ஏறும், இறங்கும். ஹார்மோன் என்பது ரத்தத்தில் கலந்து ஓடி உடம்பை நடத்தும் ஒரு சுரப்பு. அது ஏறும்போது ஈறில் உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் விரியும். அப்போது பல்லில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் ஈறு பெரிதாக வீங்கும். ரத்தம் வரும். பெண் பிள்ளை வயதுக்கு வரும் காலத்தில் இப்படி ஆகலாம். சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தின நாட்களிலும் ஆகும். கர்ப்பத்தில் இது இன்னும் அதிகம். லோவும் சில்னெஸ் என்பவரும் 1963-ல் கர்ப்பிணிகளைப் பற்றி எழுதினார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து ஈறு வீக்கம் கூடிக்கொண்டே போய், எட்டாம் மாதத்தில் உச்சத்துக்கு வருகிறது, பிறகு குறைகிறது என்றார்கள்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஹார்மோன் மட்டும் நோயைத் தராது. அழுக்கும் சேர வேண்டும். அதனால் கர்ப்பத்தில் துலக்குவதை நிறுத்துவது தீயில் எண்ணெய் ஊற்றுவது போல. ரத்தம் வந்தாலும் மெதுவாகத் துலக்கத்தான் வேண்டும்.

"பிள்ளை வயிற்றிலிருந்து தாயின் பல் சுண்ணாம்பை உறிஞ்சிவிடும், அதனால்தான் பல் ஆடுகிறது" என்று நம் பக்கம் சொல்வார்கள். அது சரியில்லை. பல்லிலிருந்து பிள்ளை எதையும் எடுப்பதில்லை. பிள்ளைக்கும் தாய்க்கும் சத்தான சாப்பாடு வேண்டும், அது வேறு விஷயம். கர்ப்பிணி அடிக்கடி வாந்தி எடுத்தால் அந்தப் புளிப்புப் பல்லை அரிக்கும். வாந்தி எடுத்ததும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். துலக்குவதைக் கொஞ்ச நேரம் கழித்துச் செய்யலாம்.

ஈறு நோய் முற்றிய தாய்மார்களுக்குக் குறைமாதப் பிள்ளை பிறப்பது அதிகம் என்று பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஈறுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. ஈறைச் சுத்தம் செய்தால் குறைமாதப் பிரசவம் நின்றுவிடும் என்றும் நிரூபணம் ஆகவில்லை. அப்படி யாராவது சொல்லிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஆனால் சுத்தம் செய்வதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை உட்கார்ந்து வைத்தியம் பார்க்க வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமும் காத்திருக்கக் கூடாது. எத்தனை மாதம் என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்துக் கடையில் நாமாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து.

மாதவிலக்கு நின்ற அம்மாக்களுக்கு இன்னொரு சங்கடம். உடம்பு முழுக்க எலும்பு மெலியும். தாடை எலும்பும் மெலியலாம். வாய் காய்ந்துபோகும். எச்சில் குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

இவ்வளவு சொன்னதும் மாமாக்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது! 'நோய் எல்லாம் பெண்களுக்குத்தான்' என்று நினைக்கிறீர்களா? கணக்கு வேறு சொல்கிறது. அமெரிக்காவில் 2009, 2010-ம் ஆண்டுகளில் 30 வயது கடந்தவர்களைச் சோதித்தார்கள். எலும்பு கரையும் அந்த இரண்டாம் கட்ட நோய், ஆண்களில் 100-க்கு 56 பேருக்கு இருந்தது. பெண்களில் 38 பேருக்குத்தான். மற்ற பல நாடுகளிலும் ஆண்களுக்குத்தான் அதிகம்.

ஏன்? ஆண்கள் பல் துலக்குவதில் அவசரம். டாக்டரிடம் போவதில் சோம்பல். கிருமியை எதிர்க்கும் முறையிலும் ஆண் உடம்புக்கும் பெண் உடம்புக்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு என்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் புகையிலை. இந்தியாவில் 2016-17-ல் எடுத்த கணக்குப்படி ஆண்களில் 100-க்கு 42 பேர் புகையிலை பழகியவர்கள். பெண்களில் 14 பேர்.

பீடி குடித்தால் ஈறில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும். ஈறு வெளுத்து, தடித்து, கெட்டியாகத் தெரியும். வீக்கம் தெரியாது. ரத்தம் வராது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். வீட்டில் திருடன் நுழைகிறான். நாய் குரைக்கவில்லை. நாய் நல்ல நாய் என்று நாம் மெச்சுகிறோம்! சித்தப்பாவின் 'இரும்பு ஈறு' அதுதான்.

பெண்ணின் ஈறு சீக்கிரம் ரத்தம் காட்டுகிறது. 'அது இயற்கை' என்று விட்டுவிடுகிறோம். பீடி குடிப்பவர் ஈறு ரத்தம் காட்டுவதில்லை. 'அது பலம்' என்று விட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

இன்னொன்றையும் கேளுங்கள். பீடியை விட்டவுடன் சில வாரம் ஈறில் ரத்தம் அதிகமாக வரலாம். சித்தப்பாவுக்கு வந்தது. "பார்த்தாயா, விட்டதால்தான் வந்தது" என்று மறுபடி ஒரு கட்டு வாங்கி வந்துவிட்டார்! டாக்டர் விளக்கினார். சுருங்கிய குழாய் மறுபடி உயிர் பெறுகிறது, மறைந்திருந்த வீக்கம் இப்போது வெளியே தெரிகிறது, சுத்தம் செய்தால் அடங்கும் என்றார். சித்தப்பா மூன்றாவது முறைதான் பீடியை விட்டார். இப்போதும் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார், பழக்கம்.

பெண்களும் புகையிலை விஷயத்தில் சும்மா இல்லை. இந்த ஊரில் 'குல்' என்று கறுப்புப் பொடி விற்கிறது. 'குடாகு' என்று களிம்பு போல ஒன்றும் இருக்கிறது. பல் துலக்க என்று விரலில் எடுத்து ஈறில் தேய்க்கிறார்கள். அதில் இருப்பது புகையிலை. புகையிலை கலந்து பற்பொடி, பற்பசை செய்யக் கூடாது என்று 1992-லேயே அரசு தடை போட்டது. பொடி இன்னும் கடையில் தொங்குகிறது. அதைத் தேய்த்தால் பல் வலி அடங்குவது போலத் தோன்றும். வலிதான் மரத்துப்போகிறது. வெற்றிலையோடு பாக்கு, புகையிலை அடக்கும் அக்காக்களுக்கும் இதேதான். அதில் வாய்ப் புற்றுநோய் பயமும் உண்டு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஆணோ பெண்ணோ, இரட்டைக் கவனமாக இருங்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது.

நாங்கள் போன மருத்துவமனை பற்றி ஒரு வார்த்தை. ரபியுதீன் அகமது என்ற டாக்டர் அமெரிக்காவில் பல் மருத்துவம் படித்து வந்து, 1920-ல் இந்த ஊரில் கல்லூரி தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி இதுதான். கல்லூரிக்குப் பணம் வேண்டுமே! அதற்காக ஐஸ்கிரீமும் சோடாவும் விற்கும் கடை ஒன்றையும் நடத்தினார். பல்லைக் கெடுக்கும் பண்டத்தை விற்றுப் பல் வைத்தியம் வளர்த்த மனிதர்! முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா இங்கேதான் படித்தார். 1923-ல் பம்பாயில் பல் மருத்துவமனை திறந்தார். நூறு ஆண்டுக்கு முன்பே பெண் படித்த இடம் அது. பெண் டாக்டரிடம்தான் வாயைக் காட்டுவேன் என்றால் அதையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

துலக்குவதைப் பற்றி வேகமாகச் சொல்கிறேன். மெதுவான நார் உள்ள பிரஷ் வாங்குங்கள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, மெல்ல அசைத்துத் துலக்குங்கள். பாத்திரம் தேய்ப்பது போல அழுத்த வேண்டாம். காலையில் ஒரு தரம், இரவு படுக்கும் முன் ஒரு தரம். இரவு முக்கியம். நார் விரிந்துவிட்டால் பிரஷ்ஷை மாற்றுங்கள். வேப்பங்குச்சி பழக்கம் இருந்தால் நுனியை நன்றாக மென்று மென்மையாக்கிக்கொள்ளுங்கள். செங்கல் தூள், அடுப்புக்கரி, மணல் வேண்டாம். அவை பல்லையும் ஈறையும் தேய்க்கும்.

காரை இறுகிவிட்டால் பிரஷ்ஷுக்கு வராது. டாக்டர்தான் எடுக்க வேண்டும். "சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று ஒரு பயம் இருக்கிறது. ஏற்கெனவே எலும்பு போன பல்லை அந்தக் காரைதான் சிமெண்ட் போலப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. ஆட்டிவிட்டது டாக்டர் இல்லை.

சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. கட்டி இரண்டு மாதத்தில் சுருங்கிவிட்டது. சித்தி இப்போது அப்பாயிக்கே பிரஷ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இருக்கும் ஒன்பது பல்லுக்கு அப்பாயி அதைத் தினமும் பிடிக்கிறார். சித்தப்பாவுக்குக் கீழ்வரிசையில் நான்கு பல் போய்விட்டது. மற்றவை நிற்கின்றன. முறுக்கை உடைத்து, காப்பியில் நனைத்துத்தான் சாப்பிடுகிறார். சமையல்காரருக்கு அது எத்தனை பெரிய வருத்தம் என்று அவர் சொல்வதில்லை. பந்தியில் மற்றவர்கள் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வருகிற திங்கட்கிழமை அவருக்கு மறுபடி சுத்தம் செய்யும் நாள். நானும் போகிறேன். காலை எட்டு மணிக்கு இந்த வாசலிலிருந்து கிளம்புவோம். கூட்டம் இருக்கும், அதனால் சீக்கிரம் போக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தச் சீட்டையும் எடுத்து வாருங்கள். காலைச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டாம்.

யார் யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று… ரத்தம் வருகிறது என்ற அம்மா, சரி. நான்கு, ஐந்து.

மாமா, உங்கள் கையும்தான்.